சத்திரசிகிச்சைக்குப் பின் காய்ச்சல்: வன்னி வாட்டில் எங்கிருந்து தேடுவது?

சத்திரசிகிச்சை வாட்டில் இரவுக் கடமைக்கு நிற்பவர்களுக்கு அடிக்கடி வரும் அழைப்பு, "இவருக்குக் காயுது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்பதுதான். அந்த நேரத்தில் கை தானாகப் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று பனடோல். மற்றது, ஏறிக்கொண்டிருக்கும் அன்ரிபயோற்றிக்கை நிறுத்திவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை எழுதுவது. பல நேரம் இரண்டும் போர்வையை விலக்கிப் பார்க்க முதலே நடந்துவிடுகின்றன.

இலங்கையின் வடக்கே வன்னிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வரும் எச்.ஓ. (பயிற்சி டொக்டர்) பிள்ளைகளையும் தாதியரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். துணைக்கு நிற்கும் வீட்டுக்காரரும் வாசிக்கலாம். எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் மூன்று கேள்விகள். சத்திரசிகிச்சை முடிந்து இன்று எத்தனையாவது நாள்? காய்ச்சலோடு வேறென்ன இருக்கிறது? ஆஸ்பத்திரிக்கு வர முதல் இவர் எங்கே நின்றார்? முதல் இரண்டும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. மூன்றாவதைக் கேட்காமல் வன்னியில் வேலை செய்ய முடியாது.

முதலில் அளவைச் சரிபாருங்கள்

38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட்டுக்கு மேல் போனால்தான் காய்ச்சல். கக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பதைவிட அரைப் பாகை செல்சியஸ் அளவு குறைத்துத்தான் காட்டும். சுடு தேத்தண்ணி குடித்த வாயில் வைத்தால் கூட்டிக் காட்டும். சித்திரை வெக்கையில் மின்விசிறி எட்டாத மூலைக் கட்டிலில் போர்த்துக்கொண்டு படுத்திருப்பவரின் நெற்றி எப்படியும் சுடும். கையால் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோவுக்குப் பரசிட்டமோல் ஏறும் ஒருவருக்குக் காய்ச்சல் தெரியாமலே போகலாம். வயதானவர்கள், ஸ்டீரொயிட் எடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள் பெரிய தொற்றிலும் 99-இலேயே நிற்பார்கள். இவர்களில் வெப்பமானியை விட நாடியை நம்பலாம்.

கீழே சொல்லும் எதற்கும் போக முதல் இதைப் பாருங்கள். மேல் பிரஷர் 100-க்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 22-க்கு மேல், நாடி 120-க்கு மேல், புதிதாகத் தடுமாறும் பேச்சு, குளிர்ந்த கை கால், 60 கிலோ ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைவான சிறுநீர். இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்திருந்தாலே காரணம் தேடி நேரம் போக்கக் கூடாது. பெரிய டொக்டரைக் கூப்பிட்டு, ஒக்சிசனும் சேலைனும் தொடங்கி, கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்க) இரத்தம் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோற்றிக் ஏற்றிவிட வேண்டும். காரணம் தேடுவதை அப்புறம் பார்க்கலாம்.

காய்ச்சல் மட்டும், முதல் 48 மணித்தியாலம், ஆள் நன்றாக இருக்கிறார்

பெரும்பாலானவை இந்த வகைதான். தசையையும் தோலையும் வெட்டித் தைத்தால் உடல் சும்மா இராது. இன்ரலூக்கின் 6 போன்ற பொருட்கள் இரத்தத்தில் கலந்து மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் உயர்த்திவிடும். இதில் கிருமி எதுவும் இல்லை. தொடை எலும்பு, பெருங்குடல் போன்ற பெரிய வேலைகளுக்குப் பிறகு கூடுதலாக வரும். சின்னக் குடலிறக்கத்துக்குக் குறைவு. இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கும்.

ஆள் எழும்பி இருந்து கதைக்கிறார், நாடி சரி, மூச்சு சரி, காயம் சரி என்றால் எழுதவேண்டியது பரசிட்டமோல் மட்டும்தான். இந்த நேரத்தில் சீ.ஆர்.பி. என்ற அழற்சி காட்டும் இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பதில் பயனில்லை. வெட்டுப்பட்ட எவருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில் அது உச்சத்தில்தான் நிற்கும். அந்த எண்ணைக் கண்டு பயந்து அன்ரிபயோற்றிக் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

ஒரு பழைய பாடத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் காய்ச்சலுக்குக் காரணம் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப் போவது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே நாட்களில் வருவது உண்மை. ஆனால் சுருக்கம்தான் காய்ச்சலைத் தருகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மூச்சுப் பயிற்சியைச் செய்விக்கத்தான் வேண்டும், பின்னால் வரக்கூடிய நியூமோனியாவைத் தடுக்க. காய்ச்சலுக்கு விடை கண்டாயிற்று என்று அதோடு திரும்பிப் போவதுதான் பிழை.

முதல் நாளே கடும் காய்ச்சல், காயத்தில் பொறுக்க முடியாத நோ

காயம் சீழ் பிடிப்பதற்கு ஐந்து நாள் வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மனப்பாடம் ஆளைக் கொல்லும் இடம் இது. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகொக்கஸ், குளோஸ்ட்ரிடியம் ஆகிய இரண்டு கிருமிகள் சில மணித்தியாலங்களிலேயே காயத்துக்குள் பரவும். மேலே பார்த்தால் லேசான சிவப்புத்தான். ஆனால் நோயாளி மோர்பின் போட்டும் முனகுவார். அடுத்த பார்வையில் தோல் வெண்கல நிறமாகும், கொப்புளம் எழும்பும், சீழுக்குப் பதில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போல் ஒன்று வடியும். விரலால் அழுத்தினால் தோலுக்குள் நறநறவென்று காற்றுத் தட்டுப்படலாம்.

எனவே முதல் நாள் காய்ச்சல் 39-ஐத் தாண்டினால் ட்ரெசிங்கைத் திறந்தே பார்க்க வேண்டும். "நாளைக்கு டொக்டர் ரவுண்டில் திறப்பம்" என்று விடக்கூடாது. சந்தேகம் வந்தால் சிகிச்சை தியேட்டரில்தான். இறந்த தசையை வெட்டி அகற்றாமல் எந்த ஊசியும் உதவாது.

இதே நாளில் வரும் மற்றக் காரணங்கள் சுருக்கமாக. குடல்வால் வெடித்து வந்தவருக்கு வயிற்றுத் தொற்று ஏற்கெனவே இருந்தது, சத்திரசிகிச்சை முடிந்த நிமிடத்தில் அது போய்விடாது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் அன்றிரவே காய்ச்சலும் மூச்சிழைப்பும் வரும். தியேட்டருக்குள்ளேயே தாடை இறுகி, உடல் விறைத்து, காய்ச்சல் ஏறினால் அது மயக்க மருந்துக்கு எதிரான மிகை வெப்ப நோய். வாயு மருந்துகளும் சுக்சமெத்தோனியமும் தூண்டுபவை, டான்ட்ரோலீன் மாற்று மருந்து. அதை மயக்க மருந்து டொக்டர் கவனிப்பார். வீட்டில் எவராவது மயக்க மருந்தில் இறந்த கதை உண்டா என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவைப்பதுதான் வாட்டின் பங்கு.

குளிர்ந்து நடுங்கிக் காய்ச்சல்

முதலில் சேலைன் தொங்கும் கம்பத்தைப் பாருங்கள். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். கனூலாவை (கையில் ஏற்றியிருக்கும் சின்னக் குழாயை) எடுக்க வேண்டாம், வேறு குழாயில் சேலைன் ஓடட்டும். பையில் உள்ள பெயர், எண், இரத்த வகை ஆகியவற்றை நோயாளியோடும் டிக்கற்றோடும் (வாட்டில் வைத்திருக்கும் நோயாளிக் குறிப்பு) மறுபடி ஒப்பிடுங்கள். முதுகு நோ, நெஞ்சு இறுக்கம், கறுத்த சிறுநீர், பிரஷர் விழுதல் எதுவும் இருந்தால் வகை மாறிய இரத்தமாக இருக்கலாம். பையை அப்படியே இரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல் ஒரு பாகை மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் சாதாரண எதிர்விளைவு. அதையும் டொக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இரத்தம் ஏறவில்லை என்றால் கனூலா. வாட்டில் காய்ச்சலைத் தேடும்போது எல்லோரும் கடைசியாகப் பார்க்கும் இடம் இதுதான். பிளாஸ்ரரைக் கழற்றாமல் பார்த்தால் எதுவும் தெரியாது. கழற்றி, முழங்கை வரை விரலால் தடவிக்கொண்டு போங்கள். நரம்பு கயிறு போல் தடித்து நிற்கிறதா, தொட்டவுடன் கையை இழுக்கிறாரா, ஊசி போன துளையில் ஒரு சொட்டுச் சீழ் வருகிறதா? விபத்துப் பிரிவில் அவசரமாகக் குத்திய கனூலாவில் திகதி எழுதியிருக்காது. அதைச் சந்தேகப்பட்டே பாருங்கள். A9 வீதி விபத்தில் வருபவர்களுக்குத் தெருவோரத்திலேயே குத்தியிருப்பார்கள், அவற்றை வாட்டுக்கு வந்து முதல் நாளிலேயே மாற்றிவிடுவது நல்லது. பழைய கனூலா இருந்த கையையும் மறக்க வேண்டாம். எடுத்து இரண்டு நாளான பிறகும் அந்த நரம்பு சீழ் பிடிக்கும்.

நடுக்கத்தோடு வரும் காய்ச்சலில் கல்ச்சருக்கு இரத்தம் எடுப்பது மிகப் பயனுள்ளது. இரண்டு வேறு இடங்களில், போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர், அன்ரிபயோற்றிக் போட முதல். கனூலாவிலிருந்து இழுத்து எடுத்தால் தோல் கிருமிதான் முளைக்கும், பிறகு அந்த ரிப்போட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் குழம்ப வேண்டும்.

இருமல், மூச்சு, ஒக்சிசன் குறைவு

இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை நியூமோனியாவின் காலம். மேல் வயிற்றில் வெட்டுப்பட்டவர் நோவுக்குப் பயந்து இருமமாட்டார், சளி அடியில் தேங்கும். சுருட்டுக் குடிக்கும் ஐயாமாருக்கு இன்னும் கூட. தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். நோவை நன்றாகக் குறைத்தால்தான் இருமுவார், எனவே நோ மருந்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காய்ச்சல் குறைவு, இருமலும் இல்லை, ஆனால் மூச்சு வாங்குகிறது, நாடி ஓடுகிறது, ஒக்சிசன் விழுகிறது என்றால் நுரையீரலுக்குப் போன இரத்தக் கட்டியை நினையுங்கள். இரண்டு கெண்டைக் கால்களையும் அளவு நாடாவால் அளந்து பார்க்கவும். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது பேசும் சான்று. கால் சரியாக இருப்பதால் மட்டும் கட்டி இல்லை என்று சொல்லவும் முடியாது. இடுப்பு, தொடை எலும்பு முறிந்து படுத்திருப்பவர்களும் சிசேரியன் தாய்மாரும் இதில் முன்வரிசை.

சிறுநீர் எரிவு, அடிவயிறு நோ

கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு ஒரு வாய்ப்பு. யூ.எப்.ஆரும் (சிறுநீர் முழுப் பரிசோதனை) கல்ச்சரும் அனுப்புங்கள், பையிலிருந்து அல்ல, குழாயின் மாதிரி எடுக்கும் இடத்திலிருந்து. எழும்பி நடப்பவருக்கு அந்தக் கதீற்றர் இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்கவும். பல நேரம் யாரும் எடுக்கச் சொல்லவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இராது.

காயம் சிவந்து, தடித்து, சூடாக இருக்கிறது

ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் புதிதாகத் தொடங்கினால் முதல் சந்தேகம் காயம்தான். ஸ்ரபிலோகொக்கஸ் ஒறியஸ் வழமையான ஆள். குடல் திறந்த வேலை என்றால் குடல் கிருமிகளும் சேரும். தையலைச் சுற்றி ஒரு மில்லிமீற்றர் சிவப்பு ஒன்றுமில்லை. அது விரிந்துகொண்டே போகிறதா என்று அறிய, சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். அடுத்த கடமைக்கு வருபவருக்கு அந்தக் கோடு நீங்கள் எழுதும் பத்து வரியை விட அதிகம் சொல்லும்.

அழுத்தும்போது உள்ளே மெத்தென்று அசைந்தால் சீழ். சீழ் இருந்தால் இரண்டு தையலை எடுத்து வடியவிடுவதுதான் வைத்தியம். வடியவிட்ட காயத்துக்கு, சுற்றிலும் சிவப்புப் பரவாமல் ஆளும் நன்றாக இருந்தால், அன்ரிபயோற்றிக் தேவைப்படாமலும் போகலாம். அடைத்த சீழுக்கு எந்த அன்ரிபயோற்றிக்கும் போய்ச் சேராது.

இந்த இடத்தில் கிரந்திக் கதை வரும். காயம் சீழ் பிடித்தவுடன் துணைக்கு நிற்கும் அம்மா, "பக்கத்துக் கட்டிலுக்கு வந்த கத்தரிக்காய்க் கறியில ஒரு துண்டு சாப்பிட்டவர், அதுதான்" என்பார். இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறும். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், ஆனால் விடவும் வேண்டாம். கிரந்தி என்று ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் ஒருவர் இடியப்பமும் சொதியுமாகப் பத்து நாள் கிடந்தால் காயம் எதை வைத்து ஆறும்? முட்டை, மீன், பருப்பு வேண்டும். ஏதேனும் ஒன்று முன்பு உண்மையாகவே ஒத்துக்கொள்ளாமல் தடித்துச் சொறிந்திருந்தால் அதை மட்டும் தவிர்க்கட்டும். காயம் ஆறாததற்கு உணவில் காரணம் தேடுவதானால் சீனியைத் தேடுங்கள். நீரிழிவு பார்க்காமலே அவசர சத்திரசிகிச்சைக்கு வருபவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

வயிறு ஊதி, சாப்பாடு இறங்கவில்லை

குடலை வெட்டித் தொடுத்தவருக்கு ஐந்தாம், ஆறாம், ஏழாம் நாட்கள் கண்டம். தொடுப்புக் கசிந்தால் முதலில் தெரிவது காய்ச்சல் அல்ல, நாடி. நேற்று 84, இன்று காலை 104, மத்தியானம் 116 என்று ஏறும், ஆள் "ஒண்டுமில்லை, கொஞ்சம் ஏலாமல் இருக்கு" என்பார். நேற்றுக் கஞ்சி குடித்தவர் இன்று வேண்டாம் என்பார். திடீரென்று இதயத் துடிப்பு ஒழுங்கு மாறி ஈ.சீ.ஜீ. எடுத்து நெஞ்சு வருத்தம் என்று அந்தப் பக்கம் கொண்டுபோவதும் நடக்கும். குடல் தொடுத்தவருக்கு நாடி கூடினால், வேறென்று நிரூபிக்கும் வரை கசிவு என்றே எடுங்கள். சி.ரி. ஸ்கான் வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லாவிட்டால் இடம் மாற்றுவதைப் பற்றிக் காலையிலேயே கதைக்க வேண்டும், இரவு பன்னிரண்டுக்கு அல்ல.

குடல்வால் எடுத்த பிள்ளைக்கு ஒரு கிழமைக்குப் பிறகு மாலை மாலையாகக் காய்ச்சல் ஏறி இறங்குகிறது, அடிக்கடி சளி சளியாகக் கொஞ்சம் கொஞ்சமாய் வயிற்றால் போகிறது என்றால் வயிற்றோட்டம் என்று ஜீவனி கொடுத்து அனுப்ப வேண்டாம். இடுப்புக் குழிக்குள் சீழ் கட்டி நேர்குடலைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஸ்கான் செய்தால் தெரியும். அன்ரிபயோற்றிக் நீண்ட நாள் எடுத்த பெரியவருக்கு உண்மையாகவே தண்ணீராகப் போனால், அது குளோஸ்ட்ரிடியம் டிபிசில் என்ற குடல் கிருமியின் வேறு கதை.

சிசேரியன் தாய்மார்

மூன்றாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகி ஒரு காய்ச்சல் வரும், பிள்ளைக்குக் கொடுத்துப் பால் இறங்கினால் போய்விடும். ஒரு பக்க மார்பு மட்டும் ஆப்பு வடிவில் சிவந்தால் அழற்சி. அடிவயிறு அழுத்த நொந்து, போகும் இரத்தம் நாறினால் கருப்பைத் தொற்று. அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது வெட்கப்படாமல் சொல்ல வேண்டியது இதைத்தான்.

மூன்றாம் நாள் கை நடுங்கி, புலம்பி, போர்வையை இழுக்கிறார்

காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும், வியர்த்துக் கொட்டும். சுவரில் எறும்பு ஊருகிறது என்பார், கனூலாவைப் பிடுங்குவார். கடைசியாகக் கள்ளோ கசிப்போ குடித்து இரண்டு முதல் நான்கு நாள் ஆனவருக்கு வரும் நடுக்கம் இது. வாட்டில் சேர்க்கும்போது "குடிக்கிறதில்லை" என்றுதான் டிக்கற்றில் எழுதியிருக்கும், ஏனென்றால் மாமனார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டிருப்பார்கள். மனைவியைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, அவர் ஒருநாளைக்கு எவ்வளவு எடுக்கிறவர்?" என்று கேளுங்கள். சரியான அளவு வரும். டயசிபாமும், குளுக்கோசுக்கு முதல் தயமினும். அதோடு தொற்று ஒன்றும் இல்லையா என்று முழுதாகப் பார்க்கவும் வேண்டும். புலம்பும் எல்லோரும் குடிகாரர் அல்ல.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பொருந்தவில்லை

மூன்றாவது கேள்விக்கு இப்போது வருகிறோம். எலிக்காய்ச்சல் உடலுக்குள் நுழைந்து வெளிப்பட வழமையாக 5 முதல் 14 நாள் எடுக்கும். டெங்குவுக்கு 4 முதல் 10. உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு கிழமையிலிருந்து மூன்று கிழமை வரை. அதாவது, போன கிழமை இரணைமடுவின் கீழ் வயலில் நின்றவரோ, முத்தையன்கட்டில் தோட்டம் கொத்தியவரோ, நெடுங்கேணிக் காட்டோரம் விறகுக்குப் போனவரோ இந்தக் கிழமை குடல்வாலோடு வந்து படுத்தால், சத்திரசிகிச்சை முடிந்த நாலாம் நாள் தலைதூக்குவது வயல் காய்ச்சலாக இருக்கலாம். எல்லோரும் காயத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குடலிறக்கம் தைத்த ஒரு ஐயா. ஆறாம் நாளும் 102. காயம் துப்பரவு, நெஞ்சு துப்பரவு, சிறுநீர் துப்பரவு. செபுரொக்சிமும் மெற்றோனிடசோலும் ஏறிக்கொண்டே இருந்தன. தலையிடி என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"ஐயா, இங்க வர முதல் எங்க நிண்டனீங்கள்?"

"வேறெங்க பிள்ளை, பட்டியிலதான். மாடு சாய்க்கப் போறனான்."

"பற்றைக்குள்ள இருக்கிறனீங்களோ?"

"மத்தியானத்தில படுக்கிறதும் அதுக்குள்ளதான்."

சாரத்தைக் கொஞ்சம் இறக்கி, முடிச்சுப் போடும் இடத்தைச் சுற்றிப் பார்த்தோம். இடுப்பின் பின்பக்கம், பயறு அளவில், சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். அவருக்கு அங்கே நோவே இல்லை, இருப்பதே தெரியாது. டொக்சிசைக்கிளின் தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அது உண்ணிக் காய்ச்சல். அதைப் பரப்பும் பூச்சி துணி இறுகும் இடத்தில்தான் நின்று கடிக்கும். சாரம் கட்டுமிடம், உள்ளாடை ஓரம், கக்கம், கவட்டி, பெண்களுக்கு மார்பின் கீழ். இவற்றை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ட்ரெசிங்கும் பிளாஸ்ரரும் மறைத்த இடங்களையும். வழமையாக வாட்டில் ஏறும் செபலொஸ்போரின் வகைகள் இந்தக் கிருமியைத் தொடாது, அதனால் "பெரிய" அன்ரிபயோற்றிக்கிலும் இறங்காத காய்ச்சல் என்பதே ஒரு துப்பு.

எலிக்காய்ச்சலில் கெண்டைத் தசையைப் பிடித்தால் அலறுவார், கண் வெள்ளை சிவந்திருக்கும் ஆனால் பீளை இராது, சிறுநீர் குறையும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியற்றினின் ஏறும், சிலருக்கு மஞ்சள். பித்தப்பை எடுத்தவருக்கு மஞ்சள் வந்தால் எல்லோரும் பித்தக் குழாயை நினைப்பார்கள், வயலில் நின்றவரா என்பதையும் நினைக்கவும். காலபோக விதைப்பும் அறுவடையும், மாரி வெள்ளம் வடியும் நாட்களும் இதற்குரிய காலம். 2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணப் பக்கம் 'மர்மக் காய்ச்சல்' என்று பேப்பர்களில் வந்ததும் எலிக்காய்ச்சலாகத்தான் முடிந்தது.

டெங்குவில் ஒரு தனி ஆபத்து உண்டு. நோவுக்கு நாம் தாராளமாக வைக்கும் டைக்ளோபினக் இரத்தப் பெருக்கைக் கூட்டும். எனவே மாரி முடியும் மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் டைக்ளோபினக்கையும் இபுபுறுபனையும் நிறுத்திவிட்டு, பரசிட்டமோலோடு எப்.பி.சி.யை (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) தினமும் பாருங்கள். சீழ் பிடிக்கும் தொற்றானால் வெள்ளணுக்கள் பெரும்பாலும் கூடும், டெங்குவில் வெள்ளணுவும் இரத்தத்தட்டும் சேர்ந்து விழும். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்ற டெங்குப் பரிசோதனை பயன்படும். காய்ச்சல் விட்ட நாள்தான் கவனிக்க வேண்டிய நாள் என்பதை வீட்டுக்காரருக்கு இருமுறை சொல்லுங்கள்.

நீரிழிவுள்ள விவசாயிக்குச் சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வந்தால், ஈரலிலோ மண்ணீரலிலோ சின்னச் சின்னக் கட்டிகள் ஸ்கானில் தெரிந்தால், மெலியோய்டோசிஸ். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி, இலங்கை மண்ணிலும் உண்டு. ஜென்ராமைசினுக்கு மசியாது, செப்ராசிடிம் அல்லது மெறோபெனம் வேண்டும், பிறகு மாதக்கணக்கில் குளிசை. ஆய்வுகூடம் இதைச் சாதாரண சூடோமோனாஸ் என்று எண்ணிவிடலாம், அதனால் படிவத்தில் 'வயல் வேலை, நீரிழிவு' என்று இரண்டு சொல் சேர்த்து எழுதுங்கள்.

மலேரியா? முந்தி வன்னியில் காய்ச்சல் என்றாலே அதுதான். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இருந்தாலும் இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்க நாடொன்றிலிருந்தோ அண்மையில் திரும்பியவருக்கு இரத்தப் பூச்சுப் பார்க்காமல் விடக்கூடாது.

காய்ச்சல் 103, ஆனால் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார்

காய்ச்சலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் மருந்துக் காய்ச்சல் என்று யோசியுங்கள். நாடி காய்ச்சல் அளவுக்கு ஓடாது. சிலருக்குத் தோலில் செம்பருக்கள். பெனிசிலின், செபலொஸ்போரின், சல்பா, பெனிற்றொயின் வழமையானவை. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இறங்கும். மற்றதெல்லாம் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வரலாம்.

வீட்டுக்குப் போன பிறகு

இப்போது மூன்றாம் நாளே துண்டு வெட்டி விடுகிறார்கள், எனவே ஐந்தாம் நாளுக்குப் பிறகான காய்ச்சல்கள் பெரும்பாலும் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டுத் திண்ணையில்தான் தொடங்கும். வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருங்கள். 100.4-க்கு மேல் இருமுறை வந்தாலோ, காயம் வடிந்தாலோ அன்றே பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள், கிளினிக் திகதி வரும் வரை பொறுக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ தடுமாறிக் கதைத்தாலோ பஸ்சுக்கு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். துண்டையும் குளிசைகளையும் பையோடு கொண்டுபோக வேண்டும். வெளிக்கிட முதல் பனடோல் போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கே 98.6 காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காயத்தில் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ பூச வேண்டாம். சிவப்பு மறைந்துபோகும், பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது.

மாதங்கள் கழித்து

எலும்புக்குப் போட்ட தகடு, குடலிறக்கத்துக்கு வைத்த வலை ஆகியவற்றில் தொற்று மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, ஒரு சின்னத் துளையாலே வடிந்துகொண்டு வரும். விட்டு விட்டு ஒரு காய்ச்சல், கொஞ்சம் மெலிவு. ட்ரெசிங் மட்டும் கட்டிக்கொண்டு காலம் கடத்தாமல், அந்தச் சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. 2009 வரை நடந்த யுத்தத்தில் ஷெல் பீஸ் (எறிகணைச் சிதறல்) ஏறி, எடுக்க முடியாமல் அப்படியே விட்டவர்கள் ஒவ்வொரு வாட்டிலும் உண்டு. பழக்கப்பட்டுப் போனதால் கேட்டாலொழியச் சொல்லமாட்டார்கள். பழைய பீஸைச் சுற்றி வருடங்கள் கழித்தும் சீழ் கட்டலாம், ஆகவே காரணமில்லாத காய்ச்சலில் பழைய தழும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எம்.ஆர்.ஐ.க்கு எழுத முதல், "உடம்பில பீஸ் ஏதும் இருக்கோ?" என்று நேராகவே கேட்டு, ஓம் என்றாலும் நிச்சயமில்லை என்றாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் படத்தையும் டிக்கற்றோடு சேர்த்து அனுப்புங்கள்.